பிறந்த வீட்டில் நின்ற இருமல்

எனக்கு இருமல் வந்தது புகுந்த வீட்டில். பிறந்த வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது டாக்டர் இல்லை, என் நாத்தனார். நல்லெண்ணத்தில் சொன்னார் என்றும் சொல்ல முடியாது.

மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு படுக்கையறை. கணவரின் அக்கா முதல் மாடியில் இருக்கிறார். கணவர் தி.நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறார். நாள் முழுக்க நின்று, புடவையை விரித்து, மடித்து, சிரித்து, ‘மேடம் இதுல இன்னொரு கலர் இருக்கு’ என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வரும்போது அவருக்குப் பேச்சே தீர்ந்துபோயிருக்கும். அவர் கடையில் புடவை எடுக்கிற பெண்களில் சிலர் பிளவுஸ் தைக்க என்னிடம் வருவார்கள். பின்னறையில் ஜன்னலோரம் என் தையல் மிஷின். காலையில் உட்கார்ந்தால் பிள்ளை ஹாஸ்டலிலிருந்து போன் செய்கிற சாயங்கால நேரம் வரை நான் எழுந்திருக்க மாட்டேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினால் யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும்.

ஒரு சித்திரை மாதம் அந்த அறை அடுப்பாகக் கொதித்தது. மதியம் சாப்பிட வந்த கணவர் என் முதுகைப் பார்த்தார். ரவிக்கை மொத்தமும் நனைந்திருந்தது.

“நா பாட்டுக்கு அங்க ஏசில நின்னுக்கினு கீறேன். நீ இங்க வெந்துக்கினு கீற” என்றார். அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே ஏர் கூலர் வந்தது. ஏசி எனக்கு ஆகாது, மூட்டு பிடித்துக்கொள்ளும் என்று நானே எப்போதோ சொல்லியிருக்கிறேன். அதனால் யோசித்துக் கூலர் வாங்கியிருக்கிறார். அதோடு விடவில்லை. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கிவந்து, கூலரின் பக்கத் தட்டிகளில் புல்லுக்குப் பதில் அதை அடைத்தார். வெட்டிவேர்க் கட்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் போட்டார். ஸ்விட்சைத் தட்டியதும் அறை முழுக்க அந்த வாசனை. மழை பெய்து ஓய்ந்த மண்ணில் நடக்கிற மாதிரி இருந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று அவர் ஜன்னலையும் சாத்தினார். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அது முக்கியம்.

தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து கூலரில் ஊற்றுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மழைக்காலத்தில்கூட நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வாசனை பழகிவிட்டது.

அடுத்த வருஷம் இருமல் தொடங்கியது. சளி இல்லாத வறட்டு இருமல். பேசினால் வரும், சிரித்தால் வரும். பிறகு சாயங்காலம் ஆனால் லேசாக ஜுரம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. காலையில் ஒன்றும் இருக்காது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழ் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பை ஆராய்கிற மாதிரி நடிப்பேன். ஆராய என்ன இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

தெருமுனை டாக்டர் முதலில் அலர்ஜி என்றார். இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், கொஞ்ச நாள் கழித்து முகத்தில் மூடி வைத்து ஆவி பிடிக்கிற நெபுலைசர். சளியே இல்லாத எனக்குச் சளிப் பரிசோதனையும் செய்தார்கள். காசநோய் இல்லை என்று வந்தது. ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் போனேன் என்பது மட்டும் தெருவில் எப்படியோ தெரிந்துவிட்டது. பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண் வாசலோடு நின்று துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். இல்லை என்று வந்ததைக் கேட்டாளா? கேட்கவில்லை.

கடைசியில் அந்த டாக்டர் என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

“துணித் தூசிம்மா. நூலு, பஞ்சு எல்லாம் உள்ள போகுது. தையலை நிறுத்துங்க, சரியாயிடும்.”

தையலை நிறுத்துவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அது என் சொந்தக் காலில் நான் நின்ற இடம். ஆனாலும் மூச்சுக்காக நிறுத்தினேன். மிஷினை நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தோம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு செய்ய வேலை இல்லாததால் பின்னறையில் கட்டிலில் படுத்தே கிடந்தேன். கணவர் கூலரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, என் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார்.

சரியாகவில்லை. மோசமானது. உடம்பு இளைத்தது. விரல்நுனிகள் உப்பி, நகங்கள் வளைந்துகொண்டு வந்ததை நான் கவனித்தேன், வேலை செய்யாத கை இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! நுரையீரல் கெட்டால் விரல் அப்படி ஆகும் என்று பின்னால்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் அரக்கோணம் போனேன். அங்கே அண்ணன் வீடு. அப்பா அம்மா இல்லை, ஆனாலும் எனக்குப் பிறந்த வீடு அதுதான். போன இரண்டாம் நாள் ஜுரம் இல்லை. நான்கு நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் அண்ணியோடு மார்க்கெட் வரை நடந்து போய் வந்தேன். அண்ணி போனில் நாத்தனாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், “எங்க வீட்டுத் தண்ணி அவளுக்கு ஒத்துக்குதுங்க” என்று. அங்கே பிடித்தது வினை.

காலை ரயிலில் திரும்பி வந்தேன். சாயங்காலம் ஜுரம்.

நாத்தனார் படியேறி வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

“அம்மா வூட்டுக்குப் போனா நல்லா கீற. இங்க கால வெச்சா ஜுரம் வருதா? எந்த ஊர் ஜுரம் இது? எங்க தம்பி மூஞ்சியப் பாத்தா வர்ற ஜுரமா?”

எனக்கு வந்த கோபத்தில் பதில் சொல்ல முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

முதலில் நான் சண்டை போட்டேன். மறுபடி அரக்கோணம் போனேன், மறுபடி நன்றாக இருந்தேன், மறுபடி வந்த அன்றே படுத்தேன். மூன்றாவது முறையும் அதுவே. இப்போது எனக்கே பயம் வந்தது. தெருமுனை டாக்டரிடம் சொன்னபோது அவரும் மெல்லச் சிரித்து, “வீட்ல எதாவது டென்ஷனாம்மா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். ஆனால் அன்று திரும்பி நடந்து வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது.

நாத்தனார் சொன்னதை நான் நம்ப ஆரம்பித்தேன். இன்று யோசித்தாலும் என்னைத் தூக்கிவாரிப் போடுவது அதுதான். என் உடம்பு பொய் சொல்லாது என்று நினைத்தேன். இந்த மனுஷனோடு என்னால் வாழ முடியவில்லை, வாய் சொல்லாததை உடம்பு சொல்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத் தொடங்கியதும் அதற்குக் காரணங்களும் கிடைத்தன. அவர் காப்பி உறிஞ்சுகிற சத்தம். பேசாமல் இருப்பது. சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு இழுப்பது. எத்தனையோ வருஷம் பார்த்துப் பழகிய விஷயங்கள் எல்லாம் குற்றமாகத் தெரிந்தன. பாவம், ஒரு மனிதரை வெறுக்கக் கஷ்டப்பட்டுப் பாடம் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவர் காலைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, “இப்ப எப்டி கீது?” என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார வந்தார். நான் சொன்னேன்:

“கிட்ட வராதீங்க. உங்களப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது.”

அவர் உட்காரவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று முதல் பாயையும் தலையணையையும் ஹாலில் போட்டுக்கொண்டார். பின்னறையில் நான், சாத்திய ஜன்னல், முகத்துக்கு நேராகக் கூலர். தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் காலையில் நான் எழுவதற்கு முன்னால் வந்துவிட்டுப் போவார். அந்தத் தண்ணீரையும் அவர் கோபத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் என் நுரையீரல் பிழைத்திருக்கும். கோபப்படத் தெரியாத மனிதர்.

அண்ணனுக்குப் போன் செய்து, பொங்கல் கழித்து அங்கேயே வந்துவிடுகிறேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளையிடம் மட்டும், “அம்மாக்கு அங்கதான் ஒடம்பு சரியா இருக்கு” என்றேன். கணவரிடம் ஹாலில் நின்று சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டியது எனக்கு ஆத்திரமாக இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் புயல் மாதிரி மேலே வந்தார். தம்பி பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனாள் என்று ஊர் பேசினால் அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? எனக்கு நோய் எதுவும் இல்லை என்று ஒரு பெரிய டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு நான் போகிறதானால் போகட்டும் என்றார். அடையாறில் நுரையீரலுக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவை யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். கணவர் லீவு போட்டார். ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். நாத்தனார் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் நகங்களைப் பார்த்தார், விரல்நுனியை அழுத்திப் பார்த்தார். முதுகில் ஸ்டெத்தை வைத்து மூச்சை இழு, விடு என்றார். வைத்த இடத்திலேயே நெடுநேரம் கேட்டார். நான் இருமல், ஜுரம், தையல், தூசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாத்தனாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“டாக்டரம்மா, நா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இவளுக்கு ஒடம்புல ஒண்ணுமே கெடையாது. அண்ணன் வூட்டுக்குப் போனா இருமல் நின்னுபூடும். நல்லா துன்னுவா, சிரிப்பா, கடைகண்ணிக்குப் போவா. எங்க வூட்டுப் படி ஏறுனான்னா அன்னிக்கு சாயங்காலமே ஜுரம். இது இன்னா நோவுன்னு நீங்களே கேளுங்க.”

எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. கணவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டெத்தைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா” என்றார் நாத்தனாரிடம். “அப்படியே சொல்லுங்க. எதையும் விடாதீங்க.”

நாத்தனார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆனாலும் சொன்னார். எத்தனை தடவை போனேன், போனபின் எப்போது இருமல் குறைந்தது, திரும்பி எந்த நேரத்துக்கு வந்தேன், எந்த நேரத்துக்கு ஜுரம் ஏறியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்மேல் குற்றத்தை நிரூபிக்க இத்தனை காலமாகச் சேர்த்துவைத்திருந்தது ஒன்றுவிடாமல் வெளியே வந்தது. டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது மனசு இல்லைங்க. உங்க வீட்டுக் காத்துல என்னமோ இருக்கு. அது இவங்க நுரையீரலுக்கு ஆகலை. அங்க போனா அது இல்லை, சரியாகுது. வந்தா மறுபடி மூச்சுல போகுது, சில மணி நேரத்துல ஜுரம் வருது. இதை முதல்லயே யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

நாத்தனாரின் வாய் திறந்தபடி இருந்தது. ‘எங்க வூடு சுத்தமான வூடு’ என்று சொல்லத்தான் திறந்திருப்பார், பாதியில் நின்றுவிட்டது.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் புறா வந்து தங்குகிறதா? இல்லை. கிளி, கோழி? இல்லை. சுவரில் ஓதம் இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா? இல்லை. இறகு வைத்த தலையணை? எங்களுக்கா! பஞ்சுதான். எந்த அறையில் அதிக நேரம் இருக்கிறீர்கள்? பின்னறையில். அந்த அறையில் என்னென்ன இருக்கிறது?

கணவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“கட்டிலு, பீரோ. ஒரு கூலரு கீதுங்க. அதுல ஒண்ணும் கெமிக்கல் இல்லீங்க. வெட்டிவேர்தான் போட்டுக்கீறேன். இயற்கைங்க.”

“எப்படிக் கழுவுவீங்க?”

“டெய்லி தண்ணி ஊத்துவேங்க. ஒரு நாளும் உட்டதில்ல.”

“ஊத்தறது சரி. பழைய தண்ணியை எப்ப எடுப்பீங்க?”

கணவர் யோசித்தார். அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை. கேள்வியே புரியாத முகமாக இருந்தது முதலில். பிறகு மெல்லப் புரிந்தது.

“அது உள்ள இருக்குங்க” என்றார். “மேல ஊத்துவேன்.”

அன்று என்னை வீட்டுக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. ஸ்கேன் எடுக்கவும் ஒரு குழாயில் ஊதிப் பார்க்கவும் எழுதிக்கொடுத்தார். நான் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கணவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கூலரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத்துத் தட்டியைக் கழற்றினார். டாக்டரம்மா கேட்டிருந்ததால் போட்டோ எடுத்தார். அதை எனக்கும் அனுப்பினார்.

போனில் பார்த்துவிட்டு நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெட்டிவேர் கருத்து, பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டி, சாக்கடையில் அடைத்துக்கொண்ட முடிக்கற்றை மாதிரி இருந்தது. தொட்டியின் அடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு கெட்டியான வழவழப்பு. அதன்மேல் அன்று காலை ஊற்றிய தெளிந்த தண்ணீர். இதைத்தான் அந்த விசிறி இத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாத துளியாக்கி என் முகத்தில் அடித்திருக்கிறது. வாசனையாக இருக்கிறது என்று நான் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டிருக்கிறேன். நாத்தனார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்ததே அவருக்குப் பெரிய விஷயம்.

ஸ்கேன் வந்தபிறகு டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார். நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டுமாம், என்னுடையதில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. அதில் சில இடங்களைத் தொட்டுக் காட்டினார். புகை மாதிரி இருப்பது வீக்கம், மாத்திரைக்கு அடங்கும். ஓரத்தில் வலைபோல இருக்கிறதே, அது தழும்பு.

“தழும்பு போகாதா?” என்றேன்.

“போகாது. இனிமே கூடாம பாத்துக்கலாம். அந்தக் காத்தை நீங்க மறுபடி சுவாசிக்கக்கூடாது, அதுதான் இதுக்கு முதல் மருந்து. மாத்திரை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.”

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. தையல் மிஷின் போனது, தெருவில் பெயர் போனது, அதெல்லாம்கூடத் திரும்பக் கிடைக்கலாம். என் நுரையீரலில் ஒரு பகுதி இனி எனக்கு இல்லை. ஒரு வருஷம் முன்னால், வெறும் புகையாக இருந்தபோதே யாராவது என் நாத்தனாரின் வசவைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் மொத்தமும் மீண்டிருக்கும். சொல்லாமல் இல்லையே அவர், மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரிதானே சொன்னார்! நாங்கள்தான் அதைக் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டோம்.

ஸ்டீராய்ட் மாத்திரை சாப்பிட்டேன். முகம் உப்பி, எனக்கே அடையாளம் தெரியாமல் போனது. பசி பேயாக வந்தது. ராத்திரி தூக்கம் போய், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது, அவர்கள்தான் படிப்படியாகக் குறைப்பார்கள் என்று டாக்டரம்மா பலமுறை சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்கள். தாழ்வாரத்தில் விரலில் கிளிப்பை மாட்டி நடக்கவிட்டு ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். இதையெல்லாம் நான் அரக்கோணத்தில் இருந்துகொண்டே ரயிலில் வந்து செய்துகொண்டேன். வீடு தயாராகும் வரை அங்கே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பொங்கல் கழித்து வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன், பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டேன். காரணம்தான் வேறு.

அந்த நாட்களில் கணவர் தினமும் கடையிலிருந்து போன் செய்வார். “மாத்திரை துன்னியா?” என்பார். “துன்னேன்” என்பேன். அதோடு முடிந்துவிடும். கூலரைக் காயலான் கடையில் போட்டார் என்றும், பின்னறையைச் சுரண்டி வெள்ளையடித்தார் என்றும், மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் மாற்றினார் என்றும் நாத்தனார்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்றாராம். ஜன்னலைக் கழற்றிக் கொசுவலை அடித்துத் திறந்தே வைத்திருக்கிறாராம். கேட்டுக்கொண்டேன். மூச்சு முட்டுது என்று சொன்னதற்கு அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசலாம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வந்த நாள் காலையில் படியேறும்போது நடுவில் ஒருமுறைதான் நின்றேன். நாத்தனார் வாசலில் நின்று பார்த்தார். பின்னறை எனக்கே புதிதாக இருந்தது. வெளிச்சமாக, வெறிச்சென்று, சுண்ணாம்பு மணத்தோடு இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். இனி சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். சில மணி நேரத்தில் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே, அதனால் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு வந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூன்று மணி, நான்கு மணி. வழக்கமாக உடம்பு வலிக்கத் தொடங்குகிற நேரம் வந்தது. வலிக்கவில்லை. வெயில் தணிந்தது. தெர்மாமீட்டரை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜுரம் இல்லை. நாத்தனார் அதை என் கையிலிருந்து பிடுங்கி, தானே பார்த்து, மறுபடி உதறி என் வாயில் வைத்து, மறுபடி பார்த்தார். இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அன்று கணவர் சீக்கிரம் பெர்மிஷன் போட்டு வந்துவிட்டார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பின்னறைக்கு வரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் குளித்தார். எதற்கு இப்போது இவ்வளவு குளியல், நான் வந்திருக்கிறேன் என்று ஒரு எட்டு வந்து பார்க்கக்கூடாதா என்று எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது.

பிறகு வந்தார். தலை ஈரமாக இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த, மடிப்புக் கலையாத வேட்டி சட்டை. கைக்குட்டையை முக்கோணமாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தார். நிலைப்படிக்கு வெளியே நின்றார். நான் உள்ளே வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

“ஜுரம் வரலியாம்ல. அக்கா சொல்லிச்சி.”

“வரல.”

“இருமலு?”

“இல்ல. ஏன் அங்கயே நிக்கிறீங்க?”

கட்டிய கைக்குட்டைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கடையில் எத்தனையோ பேரிடம் சளைக்காமல் பேசுகிற மனிதர், ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கஷ்டப்பட்டார்.

“கூலருன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரிதான். ஆனா நானும் அதே ரூம்லதானே இருந்தேன். அரக்கோணத்துல கூலரும் இல்ல, நானும் இல்ல. இப்போ கூலர எடுத்தாச்சி, நானும் காலைலயே கடைக்குப் பூட்டேன். அதான்...”

எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே முதலில் விளங்கவில்லை.

“தேச்சிக் குளிச்சிட்டேன்” என்றார். “கடைத் துணியெல்லாம் வெளிய போட்டுட்டேன். நா உள்ள வந்தா உனுக்கு ஒண்ணும் ஆவாதே?”